கல்வராயன் மலையில் கடைசி வண்டி

பாகூர் கடைத்தெருவில் நின்று ஜெயசுதா வீடு எது என்று கேட்டால், கார் ஓட்டுகிற ஜெயசுதாவா, துணி தைக்கிற ஜெயசுதாவா என்று திருப்பிக் கேட்பார்கள். கார் ஓட்டுகிறவள் என்றால் ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். யாராவது அப்படிச் சொல்லிக் காதில் விழுந்தால் அன்று முழுக்க அவளுக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

அவள் ஆசைப்பட்டுக் கார் பழகியவள் இல்லை. கணவர் அருள்முருகன் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். ஒரு வருஷம் நடவுக்காக வயலைச் சேறடித்துச் சேடை ஓட்டும்போது பவர் டில்லர் சாய்ந்து அவருடைய காலெலும்பு முறிந்துபோனது. கட்டு மாற்றுவதற்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. வாடகைக் கார்க்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவார். அதுவரைக்கும் அருள்முருகன் வாசல் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு வலியில் முனகிக்கொண்டிருப்பார். எதிரே மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போருக்கு ஓரமாக, ஒரு சிவப்பு மாருதி கார் தூசி மூடிக் கிடக்கும். கடலூரில் இருக்கும் ஜெயசுதாவின் அண்ணன் புதுக் கார் வாங்கியபோது, வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள் என்று கொண்டுவந்து விட்டுப்போன வண்டி அது.

ஒருநாள் அப்படிக் காத்திருந்து அலுத்துப்போய், அவள் வில்லியனூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். முப்பத்து நாலு வயது அவளுக்கு அப்போது. கூடப் பழகியவர்கள் எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். வண்டியை முதன்முதலாகக் கொட்டகையிலிருந்து அவள் வெளியே எடுத்தபோது, மாட்டின் மேல் ஏற்றிவிடாதே என்று மட்டும் அருள்முருகன் கட்டிலில் இருந்தபடி சொன்னார். மாடு தப்பித்தது. கொட்டகையின் ஒரு காலும் சுவரின் ஒரு மூலையும் தப்பவில்லை.

கணவருக்குக் கால் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு காருக்கு வேலையில்லை. ஆனால் அவளால் அதைத் திரும்பக் கொட்டகையில் போட முடியவில்லை. காலையில் மாட்டுவேலை முடிந்ததும் ஏரிக்கரையோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள். ஒரு நாள் வில்லியனூர் சந்தையில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழைய வண்டியை இவ்வளவு நன்றாக வைத்திருப்பது யார் என்று விசாரித்தார். பழைய சின்னக் கார்கள் வைத்திருக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து அவர் ஒரு குரூப் நடத்திவந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி ஏதாவது ஒரு மலைக்கு வரிசையாக ஓட்டிப்போய்விட்டு இரவுக்குள் வீடு திரும்புவார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. அருள்முருகன் முதல் தடவை கூடப் போய் ஏலகிரி வளைவுகளில் வாந்தி எடுத்தார். அதோடு, நீ போய்வா, நான் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குரூப்பில் வண்டி ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். சிவப்பிரகாசத்தின் பச்சை நிற பியட் முதலில் போகும். அதன் பின்னால் இரண்டாவதாக அவளுடைய சிவப்பு மாருதி. முதல் பயணத்திலிருந்தே அப்படித்தான். குரூப்பில் படம் எடுக்கும் ஜெயசீலன் அவள் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவதை வீடியோ எடுத்துப் போட்டார். அதைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் மகளிர் தினத்துக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலி யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதுபோல, வரிசையில் இரண்டாவது இடம் தனக்கு என்று எல்லாருக்கும் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

தஸ்லீமா வந்து சேர்ந்தது போன தைக்குப் பிறகு. வயது இருபத்தாறோ இருபத்தேழோ. அவளுடைய அப்பா கலீலுல்லா திருக்கனூரில் விதையும் உரமும் விற்கிற கடைக்காரர். கடைக்குச் சரக்கு ஏற்ற அந்தப் பெண்தான் விழுப்புரத்துக்குக் குட்டியானை மினி லாரியை ஓட்டிப் போய்வருவாளாம். தலையில் முக்காடும் காலில் சாதாரண ரப்பர் செருப்புமாக, ஒரு நீல நிறப் பழைய ஜென் காரில் வந்து இறங்கினாள். டீக்கடை ஓரம் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில், ஒரே தடவையில் பின்பக்கமாக வண்டியைச் செருகி நிறுத்தினாள். நின்றுகொண்டிருந்த ஆண்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஜெயசுதாவும் பார்த்தாள்.

நேராக அவளிடம்தான் வந்தாள் அந்தப் பெண்.

"அக்கா, ஒங்க வீடியோவப் பாத்துட்டு தான் எங்க அத்தாகிட்ட சண்ட போட்டு இந்தக் குரூப்ல சேந்தேன்."

ஜெயசுதா சிரித்தாள். நல்லது, வா என்றாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், அந்த வீடியோவை ஜெயசீலன் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிக்கொண்டிருந்தது. தானே போட்ட விதை முளைத்துத் தன் வழியையே அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

அடுத்து வந்த வாரங்களில் அவள் குரூப்பின் வாட்ஸ்அப்பைத் திறந்து திறந்து பார்த்தாள். அந்தப் பெண் போடும் படங்களுக்கு யார் யார் இதயம் போடுகிறார்கள், தன்னுடையதற்கு யார் போடவில்லை என்று கவனித்தாள். நீல வண்டியின் பின்பக்க பம்பரில் ஒரு கீறல் விழுந்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒரு சந்தோஷம். சோறு போடும்போது அருள்முருகனிடம், புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கொஞ்சம் அலட்டல் என்றாள். அவர் அதற்கென்ன என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு ரசம் கேட்டார்.

கல்வராயன் மலைக்குப் போவதென்று முடிவானது. விடிவதற்கு முன்பே எல்லாரும் வில்லியனூரில் கூடினார்கள். ஜெயசுதா முதல் நாளே வண்டியைக் கழுவி, கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்து வைத்திருந்தாள். வழக்கப்படி பச்சை பியட்டின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சிவப்பிரகாசம் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"ஜெயசுதா, இன்னிக்கு நீ கடைசில வாம்மா. தஸ்லீமா என் பின்னாடி வரட்டும்."

வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வண்டிக்காரரிடம் போய் டயரைத் தட்டிப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். ஜெயசுதா ரிவர்ஸ் எடுத்தாள். ஒவ்வொரு வண்டியாகக் கடந்து, வரிசையின் கடைசிக்கு, பின்பக்கமாகவே போனாள். தன்னைக் கடந்துபோகும் ஒவ்வொரு முகமும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே அவளுக்குப் பட்டது. உண்மையில் பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள்.

அவளுக்கு முன்னால் போனது அன்புராஜின் பழைய வேன். மண்ணாடிப்பட்டுக்காரர், மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும் அந்த வண்டியை அவரும் அவர் மனைவி தனக்கொடியும் பிள்ளையைப் போல வைத்திருந்தார்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி என்று அந்த வேனின் முதுகையே பார்த்துக்கொண்டு ஜெயசுதா ஓட்டினாள். புறவழிச்சாலையில் ரோடு வளையும் இடங்களில் மட்டும், தூரத்தில், பச்சைக்குப் பின்னால் நீலம் தெரியும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கியது. முதல் நாள் பெய்த மழையில் பாறைகள் கறுத்திருந்தன. மூங்கில் புதர்கள் ரோட்டின் மேல் சாய்ந்திருந்தன. இரண்டாவது கியரில் வண்டி இழுக்கிற சத்தம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

பாதி ஏற்றத்தில் ஒரு வளைவில், பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. கீழே அணைத் தண்ணீர் தகடுபோலத் தெரிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். ஜெயசீலன் கேமராவோடு இறங்கி நேராக நீல வண்டியிடம் போனார். கதவைத் திறந்துவைத்து நில், கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி பார், கையை ஸ்டியரிங்கில் வை என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். தஸ்லீமா கூச்சத்தோடு நின்றாள். ஜெயசுதா கடைசியில் தன் வண்டியில் சாய்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். அடுத்து தன்னிடம் வருவார் என்று நினைத்தாள். அவர் மலையை எடுத்தார், அணையை எடுத்தார், ஒரு குரங்கை எடுத்தார், கேமராவை மூடிவிட்டுத் தன் வண்டியில் ஏறினார்.

பச்சை பியட் கிளம்பியது. நீல ஜென் கிளம்பியது. அடுத்த வண்டிக்காரர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். ஜெயசுதா வண்டியை எடுத்தாள். வரிசையைக் கடந்து அந்த இடைவெளியில் போய் நுழையப் போகிறோம் என்று தெரிந்தேதான் எடுத்தாள். வேனைக் கடக்கும்போது அன்புராஜ் முன் சீட்டைத் தூக்கிவைத்து எஞ்சினுக்குள் குனிந்திருந்ததையும், தனக்கொடி பக்கத்தில் நின்று கையை ஆட்டியதையும் பார்த்தாள். தண்ணீர் ஊற்றுகிறார்போல, வந்துவிடுவார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மனசு அதை நம்பவில்லை. கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுபடவும் இல்லை.

அதற்குமேல் அரைமணி நேரம் அவள் நீல வண்டியின் பின்னாலேயே ஏறினாள். அந்தப் பெண் எங்காவது தடுமாறுவாள், கியரை மாற்றத் தெரியாமல் வண்டியை நிறுத்திவிடுவாள், எல்லாரும் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிர்பார்த்தாள். நீல வண்டி வளைவுக்கு முன்னமே கியரைக் குறைத்து, ஒரு ஹாரன் கொடுத்து, உள்விளிம்பைத் தொடாமல் அகலமாகத் திரும்பி நிதானமாக ஏறியது. மேலிருந்து ஒரு பஸ் இறங்கியபோது தஸ்லீமா ஒதுங்கி நின்றாள். ரொம்ப ஒட்டி வந்ததால் ஜெயசுதாவுக்கு ஒதுங்க இடமில்லை. பின்னால் எடுக்கப் போனவளின் வண்டி ஏற்றத்தில் நின்றுபோய் இரண்டடி உருண்டது. கைபிரேக்கை இழுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து ஏற்றுவதற்குள் கிளட்ச் தீய்ந்த வாடை வந்துவிட்டது. இப்படி அவளுக்கு ஒருநாளும் ஆனதில்லை.

கரியாலூரில் மரத்தடியில் எல்லாரும் நிறுத்தினார்கள். பொட்டலங்களைப் பிரிக்கப் போகும்போதுதான் சிவப்பிரகாசம் வண்டிகளை எண்ணினார். வேனைக் காணவில்லை. கடைசியில் வர வேண்டியவள் மூன்றாவதாக வந்து நிற்பதைப் பார்த்தார்.

"அன்புராஜ் எங்கம்மா?"

"வண்டிய பாத்துனு இருந்தாரு. நீ போம்மா, பின்னாடியே வரேன்னாரு."

பொய் அவ்வளவு எளிதாக வாயில் வந்ததில் அவளே திகைத்தாள். சிவப்பிரகாசம் போன் போட்டார். சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. நானே போய்ப் பார்க்கிறேன் என்று ஜெயசுதா சாவியை எடுத்தாள். யாரும் சொல்லாமலே தஸ்லீமா வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கையில் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு காலித் தண்ணீர் கேனும் இருந்தன.

இறக்கத்தில் இரண்டு வளைவு தாண்டியதும் தஸ்லீமா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, நீங்க கெளம்புனத கண்ணாடில பாத்தேன். வேன் கிட்ட நிறுத்தவே இல்லியே."

ஜெயசுதாவுக்குக் காது சூடானது.

"அத ஏன் அங்கயே சொல்லல?"

"சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது. அவசரத்துல வந்திருப்பீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வண்டி ஓட்டுவதில்தான் முந்திக்கொண்டாள் என்று பார்த்தால், நல்லவளாக இருப்பதிலும் இவளேதான் முன்னால் நிற்கிறாள். ஜெயசுதா அடுத்த வளைவில் தேவையில்லாமல் நீளமாக ஹாரன் அடித்தாள்.

வேன் அதே இடத்தில் நின்றது. தண்ணீர்க் குழாய் வெடித்து, இருந்த தண்ணீர் முழுக்க ஒழுகிப்போயிருந்தது. அந்தக் குழாயை மாற்ற வேண்டும் என்று போன வருஷமே நினைத்ததாக அன்புராஜ் பிறகு சொன்னார். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டி முடித்திருந்தார். ஊற்றத்தான் தண்ணீர் இல்லை; கீழே ஓடை இருந்தும் மொண்டுவரக் கேன் இல்லை. தனக்கொடி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவள். சாப்பாடு முன்னால் போன வண்டியில். கை நடுக்கம் எடுத்து வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அந்த வழியாகப் பலாப்பழம் சுமந்துகொண்டு போன ஒரு மலைக்கிராமத்துப் பெண், கூடையிலிருந்து நாலு சுளை எடுத்துக் கொடுத்துவிட்டு, தெளிவாகிற வரைக்கும் கூடவே இருந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தஸ்லீமா ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். தனக்கொடி அதைத் தொடாமல் ஜெயசுதாவைப் பார்த்தாள்.

"நீ போறத பாத்தேன்டி. கைய ஆட்டுனேன். நீ பாத்துட்டு தான் போன."

ஜெயசுதா காரிலிருந்து கேனை இறக்கினாள்.

"கடைசி வண்டின்னா இன்னான்னு நெனச்ச? எவன் நின்னாலும் அவன் கூட நிக்கணும். அதுக்கு நம்பிக்கையான ஆளு வேணும்னு தான் ஒன்ன வுட்டாரு. மொதல்ல நீ வந்தப்ப ரெண்டாவதா வுட்டது ஒனக்கு மரியாத குடுக்கவா? புதுசா ஓட்டுறவ, பள்ளத்துல வுட்டுடுவன்னு, கண்ணாடில பாத்துக்குற மாதிரி கண்ணு முன்னாடி வச்சிகினாரு."

அன்புராஜ், விடு தனம், சாப்பிடு என்றார். தனக்கொடி சோற்றைப் பிசைந்தாள்.

ஜெயசுதா கேனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில் இறங்கினாள். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி முழங்கால் வரை நனைந்தது. தண்ணீர் மொள்ளும்போது, இத்தனை வருஷமும் முதல் வரிசை நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்திருந்தது என்ன இடம் என்பது திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. அது குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுபோல் கூட்டிப்போன இடம். இன்றைக்குத்தான் சிவப்பிரகாசம் கையை விட்டிருக்கிறார். அந்தக் கையை விட்டதற்காகத்தான் இவ்வளவும். அழுகை வந்தது. மேலே தஸ்லீமா எட்டிப் பார்த்து, தூக்கட்டுமாக்கா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு அவளே ஏறினாள். இரண்டு நடை போக வேண்டியிருந்தது. இரண்டு நடையும் அவளே போனாள்.

வேன் மெல்ல ஏறியது. சிவப்பு மாருதி அதன் பின்னாலேயே ஏறியது. கரியாலூரில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து அரட்டையில் இருந்தார்கள். சிவப்பிரகாசம் வேனருகே வந்து, நீங்கள்தான் அவளைப் போகச் சொன்னீர்களாமே, கூடவே நிறுத்தி வைத்திருக்க வேண்டியதுதானே என்று அன்புராஜைக் கடிந்துகொண்டார். அன்புராஜ் துண்டால் கையைத் துடைத்தார். தனக்கொடி வாயைத் திறக்கப் போனாள். தஸ்லீமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வைதான் ஜெயசுதாவுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பொய்யைத் தன்னோடு சேர்ந்து சுமப்பதுபோல் அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். இனி ஒவ்வொரு பயணத்திலும் இந்தப் பெண்ணுடைய தயவில் நடமாட வேண்டும். அதைவிடக் கேவலம் வேறில்லை என்று தோன்றியது.

"அவரு ஒன்னும் சொல்லலண்ணா. நான் தான் பாத்துட்டும் நிக்காம வந்துட்டேன்."

ஏன் என்று யாரோ கேட்டார்கள். முன்னால் வர வேண்டும் என்று தோன்றியது, வந்துவிட்டேன் என்றாள். சிவப்பிரகாசம் கத்துவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். போய்ச் சாப்பிடு, சோறு ஆறிப்போச்சு என்றார். இறங்கும்போது கடைசி இடத்துக்கு ஜெயசீலனைப் போட்டார். அவளை நடுவில் விட்டார், முன்னாலும் ஐந்தாறு வண்டி, பின்னாலும் ஐந்தாறு வண்டி. அப்படி ஒரு இடத்தில் அவள் அதற்குமுன் ஓட்டியதே இல்லை. வளைவுகளில் மேலே பார்த்தாலும் யாரோ, கீழே பார்த்தாலும் யாரோ. அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு இறங்கினாள். இரவு வீட்டில் அருள்முருகன் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்றாள்.

குரூப்பை விட்டு விலகிவிடலாம் என்று சில நாள் யோசித்தாள். விலகினால் அந்தப் பெண் ஒருத்திதான் இருப்பாள் என்ற எண்ணம் அவளை விலகவிடவில்லை. கல்வராயன் மலை வீடியோ வந்தது. முழுக்க நீல வண்டி. ஒரே ஒரு இடத்தில் சிவப்பு, ஒரு வளைவில் வந்து மறைந்தது. அவள் அதை இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு இதயம் போட்டாள்.

அடுத்த பயணம் ஜவ்வாது மலைக்கு. சிவப்பிரகாசம் அவளைப் பார்த்து, கடைசியில் வருகிறாயா என்று கேட்டார். கேட்டாரே தவிர, சொல்லவில்லை. வருகிறேன் என்றாள். அன்புராஜ் தன் வேனைத் தானாகவே அவளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தனக்கொடி மட்டும் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஜன்னல் வழியாகத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் தஸ்லீமா ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. அவளுடைய அத்தா கலீலுல்லா. தன் வண்டியில் வந்தால் மெதுவா போ, மெதுவா போ என்று உயிரை எடுப்பார், உங்கள் வண்டியில் வரட்டுமாக்கா என்று கேட்டாள். அவருக்கும் அதுதான் நிம்மதியாக இருந்ததுபோல. கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். ஒங்க வண்டின்னா பயமில்லம்மா என்று சொன்னார். ஜெயசுதாவுக்கு அது தேனாக இறங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கியரை அவ்வளவு லேசாகப் போட்டாள்.

மலை ஏறத் தொடங்கும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. முதல் வளைவில், மேலே ரோடு திரும்புகிற இடத்தில் நீல வண்டி தெரிந்ததும் கலீலுல்லா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

"பாரும்மா, பாரு. எப்டி திருப்புறா பாத்தியா. எங்க கடைல நாலு ஆம்பள டிரைவர் வச்சிருந்தேன், ஒருத்தனுக்கும் இந்தக் கை வராது."

அடுத்த வளைவிலும் சொன்னார். அதற்கடுத்த வளைவிலும் சொன்னார். ஐந்து வயதில் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்தது, திருக்கனூர் சந்தை நெரிசலில் குட்டியானையைப் பின்னாலேயே எடுத்தது, விழுப்புரத்தில் ஒரு லாரிக்காரன் இறங்கிவந்து சலாம் வைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகளின் முகத்துக்கு நேரே ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்றார். ஜெயசுதா வேனின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அது நின்றால் நிற்கவும் போனால் போகவும் தயாராக, இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் அந்தப் பழைய எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

நீ சொல்லும்மா, நீ அனுபவப்பட்டவ, நல்லா தானே ஓட்டுறா என்று அவர் கேட்டார்.

மேலே நீல வண்டி ஹாரன் கொடுத்து அகலமாகத் திரும்பி மறைந்தது. பொய் சொல்ல ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"நல்லா தான் ஓட்டுறா பாய்," என்றாள்.